‘லோயர் ரைபேரியன்’ என்றால் என்ன? காவிரி வழக்கில் அடிபடும் வார்த்தைக்கும் ஆத்தூர் குடகனாற்றுக்கும் என்ன தொடர்பு?

காவிரி, மேகதாது, பாலாறு, சிந்து, பிரம்மபுத்திரா... எந்த ஆற்றைப் பற்றி செய்தி வந்தாலும் கூடவே ஒரு ஆங்கில வார்த்தை வந்துவிடும். அது ‘ரைபேரியன்’. “தமிழ்நாடு ஒரு லோயர் ரைபேரியன் ஸ்டேட்” என்று டிவி விவாதத்தில் வழக்கறிஞர் சொல்வார். “அப்பர் ரைபேரியன் அனுமதி தேவையில்லை” என்று எதிரே இருப்பவர் சொல்வார். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு, ‘ஏதோ தண்ணீர் சமாச்சாரம்’ என்பது மட்டும் புரியும்.

ஆனால் டெல்டா விவசாயியின் நெல்லுக்கும் பெங்களூரு அபார்ட்மென்ட்டின் குழாய்க்கும் இடையிலான வழக்கில் இந்த ஒரு வார்த்தைக்கு இருக்கும் எடை சாதாரணமானது இல்லை. அதன் அர்த்தம் என்ன, எங்கிருந்து வந்தது, எப்படிப் பயன்படுத்த வேண்டும், திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் ஆத்தூருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? முழு விவரம் இங்கே.

நேரடி அர்த்தம் என்ன?

ரைபேரியன் என்பது ஒரு பெயரடை. ‘ஆற்றங்கரையைச் சேர்ந்த’, ‘ஆற்றங்கரையில் இருக்கிற’ என்பதுதான் அதன் பொருள். அவ்வளவுதான். வார்த்தை பெரிசு, அர்த்தம் ரொம்ப எளிது.

ஆற்றங்கரையில் நிலம் வைத்திருப்பவர் ரைபேரியன் உரிமையாளர். ஓர் ஆறு எந்தெந்த மாநிலங்கள் வழியாக ஓடுகிறதோ, அவை எல்லாம் ரைபேரியன் மாநிலங்கள். ஆறு பல நாடுகளைக் கடந்தால் அவை ரைபேரியன் நாடுகள். ஆற்றோரம் வளரும் காடு ரைபேரியன் காடு.

இதற்கு முன்னால் ‘அப்பர்’ சேர்த்தால் ஆற்றின் மேல்பகுதியில், அதாவது தண்ணீர் முதலில் வந்து சேரும் இடத்தில் இருப்பவர். ‘லோயர்’ சேர்த்தால் கீழ்ப்பகுதியில், மேலே இருப்பவர் விட்டால்தான் தண்ணீர் பார்க்கிற இடத்தில் இருப்பவர். ‘நான்-ரைபேரியன்’ என்றால் அந்த ஆறு தொடாத இடம்.

காவிரியை எடுத்துக்கொண்டால் கர்நாடகா அப்பர் ரைபேரியன், தமிழ்நாடு லோயர் ரைபேரியன். புதுச்சேரியின் காரைக்கால் தமிழ்நாட்டுக்கும் கீழே, கடலை ஒட்டி இருக்கிறது. கேரளாவில் இருந்து கபினி, பவானி, பாம்பாறு ஆகியவற்றின் தண்ணீர் காவிரிப் படுகைக்கு வருவதால் கேரளாவும் இதில் ஒரு பங்குதாரர்.

உச்சரிப்பு எப்படி?

‘ரைபேரியன்’ என்பதே பிரிட்டிஷ் உச்சரிப்பு, இந்திய நீதிமன்றங்களிலும் அதுதான் அதிகம். அமெரிக்காவில் சிலர் ‘ரிபேரியன்’ என்று சொல்வார்கள். இரண்டும் சரி. ஆனால் ‘ரிப்பேர்’ என்ற வார்த்தைக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது.

எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ‘ரிபா’ என்றால் கரை. அதில் இருந்து ‘ரிபாரியஸ்’, அதாவது ‘கரையைச் சேர்ந்த’. ஆங்கிலத்துக்கு இது 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. கவிதை, கதை வழியாக வரவில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளும் சட்டப் புத்தகங்களும்தான் அதைக் கொண்டுவந்தன. ஆற்றோரம் மில் வைத்திருந்தவர்கள் ‘மேலே இருப்பவன் தண்ணியை மறிச்சுட்டான்’ என்று வழக்கு போட்ட காலம் அது. இன்றைக்கும் இந்த வார்த்தையில் ஒரு வக்கீல் வாடை அடிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இதே ‘ரிபா’வின் மற்ற பிள்ளைகள் நமக்கு ரொம்பப் பழக்கமானவர்கள்.

* ரிவர்: கரையோர நிலத்தைக் குறித்த பிற்கால லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாகத் திரிந்து, கடைசியில் ஆற்றையே குறிக்க ஆரம்பித்தது.

* அரைவ்: பஸ் ஸ்டாண்டில் தினமும் கேட்கும் ‘அரைவல்’ இதன் குடும்பம்தான். முதல் அர்த்தம் ‘கரை சேர்தல்’. படகில் வந்து கரையைத் தொடுவதுதான் அந்தக் கால ‘அரைவல்’.

* ரிவியேரா: கடற்கரையைக் குறிக்கும் இத்தாலியச் சொல். இதற்கும் தாய் ‘ரிபா’தான்.

‘ரைவல்’ கதை தெரியுமா?

போட்டியாளர், எதிராளி என்ற அர்த்தத்தில் ‘ரைவல்’ என்கிறோம். இதன் வேர் ‘ரிபா’ இல்லை, ‘ரிவஸ்’ என்ற வேறொரு லத்தீன் சொல். ரிவஸ் என்றால் ஓடை, வாய்க்கால். ‘ரிவாலிஸ்’ என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர். ரோமானியச் சட்டத்தில் வாய்க்கால் பங்காளிக்குத்தான் இந்தப் பெயர் இருந்தது.

ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் இரண்டு பேர் நாளடைவில் என்ன ஆவார்கள் என்பதை வயல் வைத்திருக்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்து வயல்காரன் எதிரி ஆனான், வாய்க்காலைக் குறித்த சொல்லும் ‘எதிராளி’ ஆகிவிட்டது. ராத்திரி மடையைத் திருப்பிவிட்டதற்காக நம் ஊர்களில் நடந்த பஞ்சாயத்துகளை நினைத்துப் பார்த்தால், ரோமில் என்ன நடந்திருக்கும் என்பது தானாகவே புரியும்.

தமிழில் இதற்கு என்ன வார்த்தை?

நீதிமன்றச் செய்திகளில் ‘ஆற்றுப்படுகை மாநிலம்’, ‘நதிக்கரை மாநிலம்’, ‘கரையோர மாநிலம்’ என்று எழுதுகிறார்கள். லோயர் ரைபேரியனுக்கு ‘கீழ்ப்படுகை மாநிலம்’ என்றும் ‘கடைமடை மாநிலம்’ என்றும் சொல்வது உண்டு.

இதில் ‘கடைமடை’தான் கச்சிதமான சொல். மடை என்றால் தண்ணீர் திறந்துவிடும் வழி. தண்ணீர் முதலில் பாயும் இடம் தலைமடை. கடைசியாகப் பாயும் இடம் கடைமடை. அப்பர், லோயர் என்று ஆங்கிலத்தில் அடைமொழி சேர்த்துச் சொல்ல வேண்டியதை, ஒரே சொல்லில் வைத்திருக்கிறது நம் பாசன மொழி. ‘கடைமடை வரை தண்ணி போச்சா?’ என்ற கேள்விதான், மேட்டூர் திறக்கும் ஒவ்வொரு வருடமும் டெல்டாவில் கேட்கப்படும் முதல் கேள்வி.

‘கரை’ என்ற தமிழ்ச் சொல்லுக்குள்ளும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. ஆற்றின் ஓரமும் கரை, சேலையின் ஓரமும் கரை. இன்னொரு பழைய அர்த்தமும் உண்டு. கிராமத்து நிலத்தில் ஒருவருக்கு இருக்கும் பங்குக்கும் ‘கரை’ என்று பெயர். தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தைப் பங்கு போடும் பழைய முறையை ‘கரையீடு’ என்பார்கள். கரை என்றாலே பங்கு என்ற நினைப்பு, ரைபேரியன் என்ற வார்த்தை வருவதற்கு முன்பே தமிழில் இருந்திருக்கிறது.

ஆத்தூருக்கு ஏன் வர வேண்டும்?

இங்கே சொல்வது சேலம் ஆத்தூர் இல்லை. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், சின்னாளப்பட்டி, செம்பட்டி, சித்தையன்கோட்டை எல்லாம் சூழ்ந்த ஆத்தூர்.

முதலில் பெயரைப் பாருங்கள். ஆறு + ஊர் = ஆற்றூர். பேச்சில் ஆத்தூர். அதாவது ஆற்றங்கரை ஊர். ‘ரைபேரியன்’ என்ற வார்த்தையை ஒரு ஊருக்குப் பெயராக வைத்தால் அது ஆத்தூர்தான்! சேலம் ஆத்தூருக்கு வசிஷ்ட நதி, தூத்துக்குடி மாவட்ட ஆத்தூருக்குத் தாமிரபரணி என்று அந்த ஊர்களுக்கும் ஆறு உண்டு. திண்டுக்கல் ஆத்தூருக்கு இருப்பது குடகனாறு.

பன்றிமலை, ஆடலூர், தாண்டிக்குடி பக்கம் கீழ்ப்பழனி மலையில் பெய்யும் மழை, ஓடைகளாக இறங்கி ஆத்தூர் காமராஜர் அணைக்கு வருகிறது. குடகனாறு அங்கிருந்து வடக்கு நோக்கி திண்டுக்கல் சமவெளியைக் கடந்து, சௌந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கும் தாடிக்கொம்பு வழியாக, வேடசந்தூர் தாண்டி, அழகாபுரி அணையைத் தொட்டு, கரூர் மாவட்டத்துக்குள் போகிறது. அங்கே அமராவதியில் கலக்கிறது. அமராவதி காவிரியில் கலக்கிறது.

அதாவது, ஆத்தூர் மலையில் பெய்கிற மழைக்குப் போய்ச் சேரும் இடம் காவிரி. நாடே பேசும் காவிரிப் படுகையில் ஆத்தூரும் ஒரு மூலை. காவிரிப் பிரச்சினை எங்கோ தஞ்சாவூரில் நடப்பது என்று நினைக்கும் திண்டுக்கல்காரர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாகக்கூட இருக்கலாம். இன்னொரு பக்கம், திண்டுக்கல் நகரத்துக்கு ஆத்தூர் அணையில் இருந்தும் குடிநீர் போகிறது, காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இருந்தும் வருகிறது.

ஒரே மாவட்டத்துக்குள் அப்பர், லோயர்

மாநிலங்களுக்கு இடையே மட்டும்தான் ‘அப்பர், லோயர்’ தகராறு வரும் என்று இல்லை. குடகனாற்றிலேயே அது இருக்கிறது.

மலையில் இருந்து வரும் தண்ணீரில் ஒரு பகுதி ராஜவாய்க்கால் வழியாகப் பாசனத்துக்குப் போகிறது. மீதி குடகனாற்றில் போக வேண்டும். எந்தப் பக்கம் எவ்வளவு விடுவது என்பதில், ராஜவாய்க்கால் பாசன விவசாயிகளுக்கும் வேடசந்தூர் வரை இருக்கும் குடகனாற்றுப் பாசன விவசாயிகளுக்கும் இடையே பல ஆண்டுகளாகப் பிரச்சினை இருக்கிறது. போராட்டம், மறியல், கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தை என எல்லாம் நடந்து, தமிழக அரசு இதற்காக ஒரு வல்லுநர் குழுவையும் அமைத்தது.

இரண்டு தரப்பும் விவசாயிகள்தான். இரண்டு தரப்பும் ஒரே மாவட்டம்தான். மேலே இருப்பவர் ‘காலங்காலமா இது எங்க வாய்க்கால்’ என்கிறார். கீழே இருப்பவர் ‘ஆறே வறண்டுபோச்சு, கிணறும் போச்சு’ என்கிறார். டெல்லியில் கர்நாடகாவும் தமிழ்நாடும் வைக்கும் வாதங்களின் சின்ன வடிவம் இது.

அளவு மட்டுமே பிரச்சினை இல்லை, தரமும் பிரச்சினை. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தோல் தொழிற்சாலைகளின் கழிவால் குடகனாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் உப்பாகிப்போனது பழைய கதை. ஆற்றில் கீழே இருப்பவருக்கு மேலே இருப்பவர் விட்ட தண்ணீர் மட்டும் வருவதில்லை, விட்ட அழுக்கும் சேர்ந்துதான் வருகிறது.

வெள்ளமும் அப்படித்தான். அழகாபுரியில் கட்டப்பட்ட குடகனாறு அணை, 1977ஆம் ஆண்டு பெருவெள்ளத்தில், தண்ணீர் கரைக்கு மேல் வழிந்து உடைந்தது. இந்தியாவின் அணை உடைப்புப் பட்டியல்களில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. ஆற்றங்கரையில் இருப்பது உரிமை மட்டும் இல்லை, ஆபத்தும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

‘ரைபேரியன் ரைட்ஸ்’ என்றால் ஆற்றங்கரை நிலத்துக்காரருக்கு உள்ள தண்ணீர் உரிமை. இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தில் இருந்து வந்தது. இந்தியாவில் இதை எழுத்தில் கொண்டுவந்தது 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். இந்தச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் ஒன்று அன்றைய சென்னை மாகாணம்.

அந்தச் சட்டம் சொல்வதை எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான்:

* இயற்கையான ஓடை, ஏரி, குளத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் குடிக்க, வீட்டு உபயோகத்துக்கு, ஆடு மாடுகளுக்குத் தண்ணீர் எடுக்கலாம்.

* அந்த நிலத்துக்குப் பாசனமும் செய்யலாம். ஆனால் அதே போல உரிமை உள்ள மற்றவர்களுக்குப் பெரிய பாதிப்பு வரக்கூடாது.

* இயற்கையாக ஓடும் தண்ணீரை ஒழுங்குபடுத்தவும் பகிர்ந்து கொடுக்கவும் அரசுக்கு உள்ள அதிகாரம் இதனால் குறையாது.

‘எடுத்துக்கோ, ஆனா அடுத்தவனுக்கும் விட்டு வை’ என்பதுதான் சாரம். ‘ஆத்துல போற தண்ணிய ஐயா குடி, அம்மா குடி’ என்ற பழமொழி, தண்ணீர் யாருக்கும் சொந்தம் இல்லை என்பதால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிற அலட்சியத்தைக் கிண்டல் செய்கிறது. சட்டமும் அந்த அலட்சியத்துக்குத்தான் ஒரு அணை போடப் பார்க்கிறது.

ஆனால் இந்த உரிமையில் ஒரு ஓட்டையும் உண்டு. கரையில் நிலம் இருந்தால்தான் உரிமை. நிலமே இல்லாத கூலித் தொழிலாளி, ஆற்றில் இருந்து தள்ளி இருக்கும் கிராமம், தினமும் லட்சக்கணக்கான பேர் தண்ணீர் குடிக்கும் நகரம்... இவர்கள் எல்லாம் இந்தப் பழைய கணக்கில் வரவே மாட்டார்கள். அதனால்தான் இன்றைய நீர்க் கொள்கைகள் எல்லாம் ‘முதலில் குடிநீர்’ என்று ஆரம்பிக்கின்றன.

மாநிலங்களுக்கு எந்த விதி?

இதில் மூன்று வகையான வாதங்கள் உண்டு.

1. ‘என் எல்லைக்குள் ஓடும் தண்ணீர் என்னுடையது’: அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாக இருந்த ஜட்சன் ஹார்மன் 1895இல் சொன்ன கருத்து. ரியோ கிராண்டே ஆற்றுத் தண்ணீரை மெக்சிகோ கேட்டபோது, கொடுக்க வேண்டிய சட்டக் கடமை எதுவும் அமெரிக்காவுக்கு இல்லை என்றார். வேடிக்கை என்னவென்றால், 1906இல் அமெரிக்காவே ஒப்பந்தம் போட்டு மெக்சிகோவுக்குத் தண்ணீர் கொடுத்தது. அப்பர் ரைபேரியன்களுக்குப் பிடித்த வாதம் இது. உலகம் இதை ஏற்கவில்லை.

2. ‘இயற்கையா எவ்வளவு ஓடுச்சோ, அது குறையாம எனக்கு வரணும்’: இது லோயர் ரைபேரியன்களுக்குப் பிடித்த வாதம். இதை அப்படியே ஏற்றால் மேலே இருப்பவர் ஒரு தடுப்பணைகூடக் கட்ட முடியாது.

3. நியாயமான பங்கீடு: மக்கள்தொகை, பாசனப் பரப்பு, ஏற்கெனவே நடந்துவரும் பயன்பாடு, மாற்று வழி என எல்லாவற்றையும் பார்த்துப் பங்கு பிரிப்பது. 1966ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி விதிகள் இதைத்தான் சொல்கின்றன. இந்தியாவின் நடுவர் மன்றங்களும் உச்ச நீதிமன்றமும் பின்பற்றுவது இந்த வழியைத்தான்.

இதில் அடிக்கடி குழப்பம் வரும் ஒரு இடம் உண்டு. ரைபேரியன் மாநிலங்கள் எல்லாம் சமம். ஆனால் சமம் என்றால் சம பங்கு என்று அர்த்தம் இல்லை. பங்கு கேட்கும் உரிமைதான் சமம். கிடைக்கும் பங்கு தேவையைப் பொறுத்தது.

காவிரியில் என்ன ஆனது?

சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1892இலும் 1924இலும் ஒப்பந்தம் போட்டன. மேலே இருப்பவர் புதிதாக அணை கட்டும்போது கீழே இருப்பவரின் பழைய பாசனம் கெடக்கூடாது என்பதுதான் அவற்றின் மையம். 1924 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் மைசூரில் கிருஷ்ணராஜ சாகரும், 1934இல் நம் மேட்டூர் அணையும் முழுமை பெற்றன.

பிறகு பல வருட இழுபறி. 1990 ஜூன் 2ஆம் தேதி காவிரி நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. 2007 பிப்ரவரி 5ஆம் தேதி இறுதித் தீர்ப்பு வந்தது. மொத்தம் 740 டிஎம்சி என்று கணக்கிட்டு அதைப் பிரித்தது நடுவர் மன்றம்.

* தமிழ்நாடு: 419 டிஎம்சி

* கர்நாடகா: 270 டிஎம்சி

* கேரளா: 30 டிஎம்சி

* புதுச்சேரி: 7 டிஎம்சி

* சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சி, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது 4 டிஎம்சி

(ஒரு டிஎம்சி என்றால் 100 கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,831 கோடி லிட்டர்.)

2018 பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதில் ஒரு மாற்றம் செய்தது. தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டிஎம்சி குறைத்து கர்நாடகாவுக்குக் கொடுத்தது. அதன்படி தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகாவுக்கு 284.75. கர்நாடகா பிலிகுண்டுலுவில் தர வேண்டிய தண்ணீர் 192இல் இருந்து 177.25 டிஎம்சி ஆனது.

குறைத்த 14.75இல் 10 டிஎம்சிக்குக் காரணம், டெல்டாவில் இருக்கும் நிலத்தடி நீர். மீதி 4.75 டிஎம்சி பெங்களூருவின் குடிநீருக்கு. இந்த 4.75இல்தான் ‘ரைபேரியன்’ விவகாரம் ஒளிந்திருக்கிறது. பெங்களூரு நகரத்தின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் வருகிறது என்று பார்த்த நடுவர் மன்றம், அந்த அளவுக்குத்தான் தண்ணீர் கணக்குப் போட்டது. உச்ச நீதிமன்றமோ, குடிநீர் என்று வரும்போது ஒரு நகரத்தைப் படுகைக்கு உள்ளே, வெளியே என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது என்றது. கரையில் இருந்தால்தான் உரிமை என்ற பழைய ரைபேரியன் கணக்கு, குடிதண்ணீருக்கு முன்னால் தோற்ற இடம் அது.

அதே தீர்ப்பில், பல மாநிலங்கள் வழியாக ஓடும் ஆறு தேசத்தின் சொத்து, எந்த ஒரு மாநிலமும் அதைத் தனக்கே சொந்தம் என்று சொல்ல முடியாது என்றும் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மேகதாது அணை விவகாரத்தில் தமிழ்நாடு இன்றும் பிடித்துக்கொண்டு வாதாடுவது இந்த அடிப்படையைத்தான்.

ஆறே தொடாத மாநிலம் தண்ணீர் கேட்கலாமா?

நர்மதை ராஜஸ்தான் வழியாக ஓடவில்லை. அதனால் நான்-ரைபேரியன் மாநிலத்துக்குச் சட்டப்படி பங்கு இல்லை என்ற வாதம் எழுந்தது. கடைசியில் மாநிலங்கள் பேசி ஒத்துக்கொண்டதால், 1979 நர்மதை தீர்ப்பில் ராஜஸ்தானுக்கும் 5 லட்சம் ஏக்கர் அடி தண்ணீர் கிடைத்தது. ‘ஹரியானாவும் ராஜஸ்தானும் எங்கள் ஆறுகளின் கரையில் இல்லை’ என்று பஞ்சாப் சொல்வதும் இதே வார்த்தையை வைத்துத்தான்.

நம் பக்கத்தில் முல்லைப் பெரியாறு இருக்கிறது. மேற்கே ஓடும் பெரியாற்றுத் தண்ணீர், 1886 குத்தகை ஒப்பந்தத்தின்படி மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்தின் நிலக்கோட்டைப் பகுதி வயல்கள் வரை அந்தத் தண்ணீர் வருகிறது. கரை இல்லாத இடத்துக்கும் ஒப்பந்தம் இருந்தால் ஆறு வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அப்பர், லோயர்: இடத்துக்கு இடம் மாறும்

‘தமிழ்நாடு எப்போதும் லோயர் ரைபேரியன்’ என்று சொல்வது தவறு. பவானி நீலகிரியில் பிறந்து, கேரளாவின் அட்டப்பாடிக்குள் போய், மறுபடி தமிழ்நாட்டுக்கு வருகிறது. அங்கே தமிழ்நாடு அப்பரும்தான், லோயரும்தான்.

நாடுகளுக்கும் இதே கதை. சிந்து நதியில் பாகிஸ்தானுக்கும், கங்கையில் வங்கதேசத்துக்கும் இந்தியா அப்பர் ரைபேரியன். பிரம்மபுத்திராவில் சீனாவுக்குக் கீழே லோயர் ரைபேரியன். ஒரு ஆற்றில் பேசும் வாதம் இன்னொரு ஆற்றில் நமக்கே எதிராகத் திரும்பும். அதனால்தான் தண்ணீர் விஷயத்தில் வெளியுறவுத் துறை ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டுப் பேசுகிறது.

காட்டுக்கும் இதே வார்த்தை

சட்டத்தைத் தாண்டி, ரைபேரியன் என்ற சொல் அதிகம் புழங்கும் இன்னொரு இடம் சூழலியல். ஆற்றோரம் நீர்மருது, புங்கன், நாவல், நாணல் என்று வரிசையாக நிற்கும் பசுமைதான் ரைபேரியன் காடு. சுற்றிலும் முள்காடு காய்ந்து கிடந்தாலும் இந்தப் பட்டை மட்டும் பச்சையாக இருக்கும்.

இது கரையைப் பிடித்து வைக்கிறது, மண் அரிப்பைத் தடுக்கிறது, வயலில் இருந்து வரும் உரக் கழிவை வடிகட்டுகிறது. ஒகேனக்கல் பக்கம் காவிரியோரத்திலும், அமராவதிக்கு மேலே சின்னாறு பகுதியிலும் வாழும் சாம்பல் நிற மலை அணிலுக்கு வீடே இந்த ஆற்றோர மரங்கள்தான். மணல் அள்ளி, கரையை வெட்டி, சீமைக்கருவேலத்தை வளரவிட்ட ஆறுகளில் இந்தப் பட்டை காணாமல் போய்விட்டது.

எப்படிப் பயன்படுத்துவது?

ஐஏஎஸ், டிஎன்பிஎஸ்சி படிப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியவை:

* ரைபேரியன் என்பது ஆற்றுக்கு மட்டும். கடலோரத்துக்கு ‘லிட்டோரல்’. இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகள் லிட்டோரல் நாடுகள்.

* ஏரி சம்பந்தப்பட்டது என்றால் ‘லகஸ்ட்ரைன்’.

* ஆற்றின் ஓட்டத்தால் உருவானது என்றால் ‘ஃப்ளூவியல்’. வண்டல் படிவு ஃப்ளூவியல், அதன் மேல் வளரும் மரம் ரைபேரியன்.

* ‘கோ-ரைபேரியன்’ என்றால் ஒரே ஆற்றைப் பகிரும் மற்றவர். காவிரியில் தமிழ்நாடும் கர்நாடகாவும் கோ-ரைபேரியன்கள்.

* பெயரடையாக மட்டும் இல்லாமல் பெயர்ச்சொல்லாகவும் வரும். ‘லோயர் ரைபேரியனின் சம்மதம் இல்லாமல் அணை கட்டக்கூடாது’ என்பது போல.

கடைசியாக ஒன்று

அகராதியைப் பார்த்தால் ரைபேரியன் என்ற சொல்லில் மேல், கீழ் கிடையாது. கரையில் இருப்பவர் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். மேலே, கீழே என்பதை மண்ணின் சரிவு முடிவு செய்கிறது. அந்தச் சரிவு கொடுத்த வசதியை மேலே இருப்பவர் எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம் என்பதைத்தான் 1892இல் இருந்து ஒப்பந்தமும், நடுவர் மன்றமும், நீதிமன்றமும் பேசிக்கொண்டே இருக்கின்றன.

நல்ல மழை பெய்து ஆத்தூர் அணை மறுகால் பாயும் வருடங்களில் குடகனாற்றில் இந்தச் சண்டை எழாது. பங்கு பற்றிய பேச்சு வருவதே தண்ணீர் குறையும்போதுதான். எவ்வளவு குறைந்தால் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கை, அணை நிறைந்திருக்கும்போதே எழுதி வைத்துக்கொண்டால், வேடசந்தூர் விவசாயி கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார வேண்டியிருக்காது. பெயரிலேயே ஆற்றை வைத்திருக்கும் ஊருக்கும், அந்த ஆற்றின் கடைமடையில் காத்திருக்கும் ஊருக்கும் இப்போது தேவைப்படுவது அந்தக் கணக்குதான்.